நைனா வீட்டு இணைப்பு

சென்ற மாதம் ஒரு நாள் காலை, என் வீட்டு வாசலில் யாரோ என்னை 'நைனா' என்று கூப்பிட்டார்கள்.

என்னை அக்கா என்பார்கள், மேடம் என்பார்கள். காய்கறிக் கடையில் 'ஏம்மா' என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணியை நைனா என்று கூப்பிட யாருக்கு என்ன வந்தது? இந்தப் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. அதுவே செஞ்சிக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

"நைனா... நில்லு நைனா..."

ஒரு பெண்ணின் குரல். ஜலதோஷம் பிடித்த மாதிரி கரகரவென்று இருந்தது. மாவுக் கையோடு வெளியே வந்து பார்த்தேன். யாரும் இல்லை. தெரு முழுக்க வெயில். தெரு திரும்புகிற இடத்தில், தலையில் துண்டு போட்ட ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு டி.வி.யாக இருக்கும் என்று உள்ளே வந்து கை கழுவினேன். கழுவும்போதுதான் உறைத்தது. எங்களுக்குப் பக்கத்து வீடே கிடையாது. இரண்டு பக்கமும் காலி மனை.

இருங்கள், இதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் சரியாக வரும். இது உண்மையில் நான் ஒரு இன்டர்நெட் கனெக்‌ஷன் வாங்கின கதை.

என் கணவர் சேகருக்கு வங்கியில் வேலை. செஞ்சிக் கிளைக்கு மாற்றல் வந்தது. திருச்சியிலிருந்து மூட்டை கட்டினோம். புரோக்கர் பிடித்துக் கொடுத்த வீடு ஊரின் ஓரத்தில், புதிதாகப் போட்ட நகரில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்க மறந்து போன மாதிரி பாறைகள். உச்சியில் கோட்டை. சாயங்காலம் அதன் நிழல் தெருவுக்குள் மெதுவாக வந்து உட்காரும். அழகான வீடு. ஓனர் சென்னையில். வருஷக் கணக்காக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். வேறென்ன வேண்டும்?

நெட் வேண்டும்.

நான் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். வேலை வருவதும் நெட்டில், போவதும் நெட்டில். இந்தப் பத்தியும் அப்படித்தான் ஆசிரியர் மேஜைக்குப் போகிறது. தண்ணீர் வராவிட்டால்கூட ஒரு நாள் சமாளிப்பேன். நெட் வராவிட்டால் பிழைப்பு போச்சு.

புது ஊரில் எந்த கனெக்‌ஷன் வாங்கலாம் என்று வாய் திறந்து கேட்டுப் பாருங்கள். நல்ல டாக்டர் யார் என்று கேட்டால்கூட இத்தனை பதில் வராது. சேகரின் ஆபீஸில் ஒருவர், "சிம் போட்டு ஓட்டற டப்பா வாங்குங்க" என்றார். வாங்கினோம். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் எடுத்தது. ஏன் என்று கடைக்காரரிடம் கேட்டால், "கோட்டை மறைக்குது மேடம்" என்றார். யார் யாரையோ மறித்து நின்ற கோட்டை, கடைசியில் என் சிக்னலையும் மறித்துவிட்டது. பெரிய கம்பெனியின் கிளைக்குப் போனேன். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த பெண், "உங்க தெரு எங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டாள். ஏதோ என் தெருவே பூமியில் இல்லாத மாதிரி.

மிச்சம் இருந்தது உள்ளூர் கேபிள்காரர்தான்.

இதற்கிடையில் ஒரு விஷயம். என் போனில் பக்கத்து நெட்டுகளின் பட்டியலைத் திறந்தால் ஒரே ஒரு பெயர் வரும். 'நைனா வீடு'. முழு சிக்னல். பூட்டு போட்டிருக்கும், பாஸ்வேர்டு கேட்கும். சரி, எதிர் வரிசையில் யாரோ வைத்திருக்கிறார்கள், அவர்களையே கேட்டு எந்தக் கம்பெனி என்று தெரிந்துகொள்ளலாமே என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். நடக்க நடக்க சிக்னல் குறைந்தது. எதிர் வரிசை வீடுகளுக்குப் போனதும் சுத்தமாகப் போய்விட்டது. திரும்பி நடந்தேன். கூடியது. என் கேட்டைத் தாண்டினேன், இன்னும் கூடியது. என் வீட்டு ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே நின்றபோது முழுசாக இருந்தது.

என் வீட்டில் எந்த டப்பாவும் இல்லை. சோபாவுக்குப் பின்னால், அலமாரிக்கு மேலே எல்லாம் தேடினேன். இல்லை.

கேபிள்காரர் தாமோதரன் மறுநாள் வந்தார். நாற்பது வயது இருக்கும். வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே பேச ஆரம்பிக்கிற ரகம். "கவலையே படாதீங்க மேடம். சாயந்தரத்துக்குள்ள லைன் ஓடும். எந்தத் தெருவா இருந்தா இன்னா, நம்ம ஒயரு போகாத எடமே இல்ல" என்றபடி வந்தவர், வீட்டை நிமிர்ந்து பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"இந்த வீடா?"

"ஆமாம். ஏன்?"

"ஒண்ணுமில்ல மேடம்." கம்பத்தில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆபீஸுக்குப் போன் செய்து தணிந்த குரலில் ஏதோ கேட்டார். திரும்பி வந்தார். "மேடம், இந்த வீட்டுக்கு லைன் இருக்குது."

"பழைய லைனா? அறுத்துவிட்டுப் புதுசு கொடுங்கள்."

"பழைய லைன் இல்ல மேடம். ஓடிக்கிட்டு இருக்குது. இப்ப நாம பேசிக்கினு இருக்கமே, இப்பகூட ஆன்ல இருக்குது."

"நாங்கள் யாரும் வாங்கவில்லையே. யார் பெயரில் இருக்கிறது?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலுக்கு மேலே எங்கேயோ பார்த்தார். "ஆபீஸ்ல பாத்துட்டு சொல்றேன்" என்று வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். காபி போட்டு வைத்திருந்தேன். அதைக்கூடக் குடிக்கவில்லை. அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் போனையே எடுக்கவில்லை.

ஓனரைக் கூப்பிட்டேன். "அந்த வீடு ரொம்ப நாளா பூட்டித்தானே கிடந்தது? ஏதாவது ஒயர் கிடந்தா அறுத்து எறியச் சொல்லுங்க" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் எதை அறுப்பது?

அந்த வாரத்தில்தான் நான் முதலில் சொன்ன குரல் கேட்டது. ஒரு தடவை என்றால் பிரமை என்று விட்டுவிடலாம். அடுத்த நாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை கூப்பிடவில்லை. யாரோ தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரி, "இல்ல... இவரு இல்ல..." என்று. அதற்குப் பிறகு ஒரு மூச்சு. அந்த மூச்சு என் பின்னங்கழுத்துக்குப் பக்கத்தில் கேட்டது போல இருந்தது. ஈரத் துணியைப் பக்கெட்டோடு போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

சேகரிடம் சொன்னேன். "ராத்திரி பேய் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பட்டப்பகலில் துணி காயப்போடும்போதுமா வரும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம். காந்தி பஜார் வரைக்கும் போய்வரலாம் என்று கிளம்பினேன். வீட்டுக் கதவைப் பூட்டினேன். கேட்டை இழுத்துச் சாத்தி, பூட்டை மாட்டப் போனேன்.

"அக்கா... பூட்டாதீங்க."

என் கையில் இருந்த சாவி கீழே விழுந்தது.

"கேட்ட மட்டும் பூட்டாதீங்க அக்கா."

நிமிர்ந்து பார்த்தேன். குரல் மேலேயிருந்து வந்தது. வாசல் சன்ஷேடு மேல் காகிதப்பூக் கொடி ஒன்று படர்ந்து தொங்கும். அந்த இலைகளுக்கு நடுவே, எலுமிச்சம்பழம் அளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக, மிக மெதுவாக, என் பக்கம் திரும்பியது.

கேமரா!

கேமராதான் என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. பேய் என்றால்கூட ஒரு மாதிரி. இது யாரோ ஒரு மனுஷி. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

சேகர் வந்ததும் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினோம். ஹாலுக்கு மேலே இருந்த பரணை ஓனரின் சாமான் என்று நாங்கள் திறந்ததே இல்லை. பலகைக் கதவை நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு பழைய மெத்தை. அதற்குப் பின்னால் இருட்டில் பச்சை விளக்குகள் மினுக் மினுக்கென்று, ஏதோ மூச்சு விடுகிற மாதிரி. சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு ஒயர் வாசல் பக்கம் போயிற்று. சேகர் பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். என்ன தோன்றியதோ, "யார் என்று தெரிந்துகொண்டு பிடுங்கலாம்" என்றேன்.

மறுநாள் சேகர் தன் போனிலிருந்து கூப்பிட்டு, போலீஸ் என்ற வார்த்தையைச் சொன்ன பிறகு தாமோதரன் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"உள்ளே வந்து சொல்லுங்கள்" என்றேன்.

கொடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "அவங்க கேப்பாங்க மேடம். கொஞ்சம் தள்ளி வாங்க."

எங்கள் வீட்டு வாசலில் நாங்களே பேச முடியாமல் காலி மனையில் போய் நின்றோம். அங்கேதான் சொன்னார்.

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஏகாம்பரம் என்று ஒருவர் குடியிருந்திருக்கிறார். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் தேன்மொழி. (இரண்டு பெயரையும் மாற்றியிருக்கிறேன். எழுத அவள் சம்மதம் வாங்கிவிட்டேன்.) அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போக ஆரம்பித்தது. சாப்பிட்டது மறந்தது, தெரு மறந்தது. அமாவாசை மட்டும் மறக்கவில்லை. சர்வீஸ் முழுக்க அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டியவர். அன்றைக்குக் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாயிடுச்சி" என்று கிளம்பிவிடுவாராம். தேன்மொழி கேட்டைப் பூட்டி, சமாதானம் சொல்லி, உட்கார வைப்பாளாம்.

ஒரு அமாவாசை அன்று அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவரைக் காணவில்லை.

"அந்தப் பொண்ணு பதறிப் போயி, கேட்ட பூட்டிக்கினு தேட ஓடிச்சி மேடம். நாங்களும் ஓடனோம். பஸ் ஸ்டாண்டு, மேல்மலையனூரு, ஏரி, கொளம்னு ஒரு எடம் பாக்கியில்ல. மலை மேல கூட ஏறிப் பாத்தோம்." தாமோதரன் மறுபடியும் குரலைத் தணித்தார். "ஆனா அவரு எங்கியும் போவல மேடம். திரும்பி வந்திருக்காரு."

"எங்கே?"

"இங்கதான். இதே கேட்டுக்கு. பால்காரரு பாத்தாராம். கேட்டப் புடிச்சி ஆட்டிக்கினே நின்னாராம். உள்ளதான் பொண்ணு இருக்குதுன்னு பால்காரரு போயிட்டாரு. கேட்டு பூட்டியிருந்துச்சி இல்ல... கொஞ்ச நேரம் நின்னுட்டு, அவரும் போயிட்டாரு. அதோட சரி."

அந்த கேட்டைத்தான் தினமும் நான் பிடிக்கிறேன்.

தேன்மொழி எத்தனையோ நாள் அந்த கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். வேலையை விட முடியாமல் ஓசூருக்குப் போக வேண்டி வந்தபோது, கேமராவை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பேசவும் கேட்கவும் வசதி உள்ள கேமரா. அங்கிருந்தே மாசா மாசம் நெட்டுக்குக் கட்டிவிடுகிறாள். தெருவில் வயசான ஆள் யார் போனாலும் கூப்பிட்டுப் பார்க்கிறாள்.

"ஓனர் அறுக்கச் சொன்னதா சார் போன்ல சொன்னாரு. நான் அறுக்க மாட்டேன் மேடம். வேற ஆள வச்சிப் பண்ணிக்குங்க. வூடு காலியா கெடந்தப்போ ஒரு நாளு இந்தக் கம்பத்துல ஏறியிருக்கேன். ஆளே இல்லாத வூட்டுல, 'நைனா சாப்டியா'ன்னு ஒரு கொரலு... எறங்கனவன்தான். இந்தப் பக்கமே வர்றது இல்ல."

சேகருக்குக் கோபம். "பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக நாம் வாடகை கொடுத்துக் கண்காட்சியில் உட்கார முடியுமா?" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

தாமோதரனிடம் எண் வாங்கி, தேன்மொழியைக் கூப்பிட்டேன். கண்டிப்பாகப் பேச வேண்டும் என்று வாக்கியங்களை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சொல்லுங்கக்கா" என்றது அதே குரல். கரகரப்பு மட்டும் இல்லை. "ஒங்கள பயமுறுத்திட்டேன். மன்னிச்சிடுங்க. பூட்ட பாத்ததும் தாங்கல."

"எத்தனை நாளாக எங்களைப் பார்க்கிறாய்?"

"நீங்க வந்தன்னிலருந்து. லாரி வந்ததும் மொதல்ல சாமி படத்த நீங்களே எறக்கி எடுத்துக்கினு போனீங்க. சாயந்தரமானா கேட்டுகிட்ட நின்னு மலையப் பாப்பீங்க. அப்பல்லாம் எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்கா. வாசல்ல ஒரு ஆளு நிக்கறாங்கன்னு."

மலையைப் பார்த்து நின்ற அந்தச் சாயங்காலங்களில் நான் தனியாக இருப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

"வர்ற அமாவாசை வரைக்கும் விட்டு வைங்கக்கா. அப்புறம் நீங்களே அறுத்துடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கேமரா வாசலத் தவிர எங்கியும் பாக்காது, சத்தியமா. அதுவரைக்கும் அந்த நெட்ட நீங்களே யூஸ் பண்ணிக்குங்க."

தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "சரி" என்றேன். பாஸ்வேர்டு சொன்னாள். அதை இங்கே எழுதக் கூடாது அல்லவா?

ஆக, இப்படித்தான் செஞ்சியில் எனக்கு இன்டர்நெட் கிடைத்தது. கனெக்‌ஷன் என்னவோ பிரமாதம். திரையில் அந்த வட்டம் ஒரு தடவைகூடச் சுற்றிச் சுற்றி நிற்கவில்லை. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. வாசலுக்குப் போகும் முன் புடவையைச் சரிசெய்துகொள்வேன். கோலம் போடும்போது முதுகில் ஒரு பார்வை ஊரும். நிமிர்ந்தால், கொடிக்குள் அந்த வெள்ளைக் கண் என்னோடு சேர்ந்து நகரும். கொஞ்ச நாளில் வெளியே போகும்போது, "கடைக்குப் போய்விட்டு வருகிறேன். கேட்டைப் பூட்டவில்லை" என்று கொடியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பதில் வராது. கண் மட்டும் லேசாகத் தாழ்ந்து நிமிரும். சேகர் இதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கனெக்‌ஷன் வாங்கும்போது நாம் என்னவெல்லாம் கேட்கிறோம்... ஸ்பீடு எவ்வளவு, மாதம் எவ்வளவு, மழை வந்தால் போகுமா? அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்பதே இல்லை.

அமாவாசை வந்தது.

காலையிலிருந்தே ரோட்டில் ஸ்பெஷல் பஸ்கள். ஹார்ன் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. முன்தினமே போய்த் தங்கியவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள், புதிதாகப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சேகர் ஆபீஸ் போய்விட்டார். போகும்போது, "இன்றோடு சரி, நாளைக்கு அறுத்துவிட வேண்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்திருந்தேன். பஸ் சத்தமெல்லாம் ஓய்ந்து, ஊரே கண்ணயர்ந்த நேரம்.

கேட்டை யாரோ ஆட்டினார்கள்.

திறந்து கிடக்கிற கேட். தள்ளினால் திறக்கும். அதைத் தள்ளாமல், கம்பிகளைப் பிடித்து ஆட்டுகிற சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடியும் ஆட்டும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காக்கிச் சட்டை. வயசான உருவம். தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து என் மனசுக்குள் அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற உருவம், அப்படியே வந்து நிற்கிறது.

"நைனா!"

கொடிக்குள்ளிருந்து வந்தது குரல். அந்த ஆள் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அவர் பதில் சொன்னார்.

"இன்னா பாப்பா?"

கொடிக்குள் அந்த வெள்ளைக் கண் அவர் முகத்துக்கு நேராகத் தாழ்ந்தது. பிறகு, "எங்க நைனா போயிட்ட?" என்றது குரல்.

"பஸ்ஸு உட்டுட்டேன் பாப்பா. நடந்தே வந்தேன். காலு வலிக்குது."

"உள்ள வா நைனா. கேட்டு தொறந்துதான் இருக்குது. பூட்டல நைனா. தள்ளு, தொறந்துக்கும்."

அவர் கேட்டைத் தள்ளினார். திறந்துகொண்டது. திறந்ததைக் கொஞ்ச நேரம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, சொந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி நடந்து வந்து, வாசல் நிழலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பு இல்லை. பாதம் முழுக்கப் புழுதி. நான் எப்படியோ எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீர் அவர் சட்டையில் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தார்.

என் போன் அடித்தது. தேன்மொழி. உள்ளே போய் எடுத்தேன்.

"உன் நைனா வந்துவிட்டார் அம்மா" என்றேன். "வந்துவிட்டார்."

"இல்லக்கா." ரகசியம் பேசுகிற மாதிரி சொன்னாள். "அவரு நைனா இல்ல."

"என்ன சொல்கிறாய்?"

"தலையத் தூக்கனப்பவே தெரிஞ்சிடுச்சி. நைனா நெத்தியில பெரிய தழும்பு இருக்கும். இவரு வேற யாரோ."

"பின்னே ஏன் நைனா என்று கூப்பிட்டாய்?"

"வெளியில நின்னா போயிடுவாருக்கா."

போனைக் காதில் வைத்தபடி நான் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அவர உட்டுடாதீங்கக்கா" என்றாள். "இப்ப மட்டும் போயி கேட்டப் பூட்டிடுங்க."

பூட்டினேன்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. தாமோதரனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பயந்த மனுஷன் பத்து நிமிஷத்தில் வந்து நின்றார். பெரியவரைப் போட்டோ எடுத்து, சுற்று வட்டாரத்துக் கேபிள்காரர்களின் குரூப்பில் எல்லாம் போட்டார். போலீஸுக்கும் சொன்னார். நான் சோறு போட்டு ரசம் ஊற்றிக் கொடுத்தேன். பெரியவருக்கு ஊர் தெரியவில்லை, தன் பெயரும் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அவ்வப்போது கொடியைப் பார்த்து, "பாப்பா, நீ சாப்டியா?" என்று கேட்டார்.

"சாப்டேன் நைனா" என்றது குரல். "நீ நல்லா சாப்புடு."

தாமோதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் ஒரு வேன் வந்தது. வந்தவாசிப் பக்கத்து ஆட்கள். இறங்கி ஓடிவந்த மகன், "நைனா! நைனா!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். முன்தினமே கோயில் கூட்டத்தில் தவறவிட்டிருக்கிறார்கள். எப்படியோ ஒரு திரும்புகிற பஸ்ஸில் ஏறி, செஞ்சியில் இறங்கி நடந்திருக்கிறார். அரிசி மில்லில் வாட்ச்மேனாக இருந்தவராம். காக்கிச் சட்டை அப்போது போட்டுப் பழகியதாம்.

கிளம்பும்போது பெரியவர் கொடிக்கு நேராகப் போய் நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

"நான் போயிட்டு வரேன் பாப்பா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "பாத்துப் போ நைனா" என்று வந்தது.

மகன் வெலவெலத்துப் போய் என்னைப் பார்த்தான். "யாரு மேடம் பேசறது? எங்க நைனாவுக்குப் பொண்ணே கெடையாதுங்களே."

"இந்த வீட்டுப் பெண்" என்றேன். வேறு என்ன சொல்வது?

நாலைந்து நாள் கழித்துத் தேன்மொழி கூப்பிட்டாள். "லைன ஒங்க பேருக்கு மாத்திக்குங்கக்கா. தாமு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நானும் போன்லருந்து அந்த கேமரா ஆப்ப எடுத்துட்டேன்."

"ஏம்மா?"

"எங்க நைனா சொல்லாமப் போயிட்டாரே, சொல்லாமப் போயிட்டாரேன்னு இருந்துச்சி. அன்னிக்கி அவரு 'போயிட்டு வரேன்'னு சொன்னாரு பாருங்க... அப்பலருந்து ராத்திரி தூக்கம் வருதுக்கா."

சேகர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். கேமராவைக் கழற்றத் தாமோதரன் ஏணியோடு வந்தார். இந்தத் தடவை காபியும் குடித்தார். ஏறி, கொடியை விலக்கி, ஸ்குரூவில் கை வைத்தார்.

"இருக்கட்டும், இறங்குங்கள்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. சேகர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தாமோதரனே அந்த ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இப்போது போனில் ஒரு சத்தம். 'வாசலில் அசைவு' என்று வருகிறது. திறந்து பார்க்கிறேன். வெயில், தெரு, கேட். யாரும் இல்லை. கொடி ஆடியிருக்கும். நாயாக இருக்கும். ஆனால் கேட் கம்பி மட்டும் லேசாக ஆடி அடங்குகிற மாதிரி...

எதற்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடுகிறேன்.